பசி லாஜிக்

கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தின சத்தம் எனக்குக் கேட்கவில்லை, காதைச் சுற்றிக் காற்று கனமான மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜுக்குள் வைத்த கத்தரிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையாய் அட்டை, எதிரே சின்னக் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின், மெஷினுக்குப் பின்னால் குனிந்த தலையோடு காது டெஸ்ட் எடுக்கிற ஆக்னஸ் மேடம், அதற்கும் பின்னால் ஸ்டூலில் என் அம்மா. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்தணும், எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அழுத்தணும், கேட்கவில்லை என்றால் சும்மா இருக்கணும். இதைச் சொல்லும்போது அந்தம்மா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியது, அதனால் புரிந்தது. இறக்காமல் சொல்லியிருந்தால் நான் வழக்கம்போலத் தலையாட்டியிருப்பேன். அம்மா பஸ்ஸில் வரும்போது சொன்னது வேறு. "அம்மிணி, கேட்டாலும் கேக்காத மாதிரியே உக்காந்துக்கோணும். மூணு தரம் கேட்டா ஒரு தரம் அழுத்து. ஒண்ணுக்குமே அழுத்தாம உட்டா நடிக்கறேன்னு கண்டுபிடிச்சுருவாங்க." பதினெட்டு வருஷத்தில் என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே கணக்கு இதுதான். நாற்பது வரணும். நாற்பது சதவீதம் செவிடு என்று இந்த ஆஸ்பத்திரி எழுதிக்கொடுத்தால் அடுத்த வாரம் தனி ஒதுக்கீட்டுக் கவுன்சிலிங்கில் நான் போய் உட்காரலாம், இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்க சீட்டு கிடைக்கும், ஹாஸ்டலுக்குப் போகலாம், ஊரை விட்டே போகலாம். முப்பத்தொன்பது வந்தால் எனக்குக் காது நல்ல காது. நல்ல காதோடு மாமன் வீட்டுத் தறிப்பட்டறையில் நூல் சுற்றப் போகலாம், மாமன் பையன் ஜெகதீஷைக் கட்டிக்கொள்ளலாம், அவன் என்னைக் கூப்பிடுகிற பேரே 'ஏய் டமாரம்'. இதோ ஒன்று வந்தது. ஊசி முனை மாதிரி ஒரு சத்தம், வலது காதில். சந்தேகமே இல்லாமல் கேட்டது. கை தானாக அழுத்திவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அம்மா கண்ணை உருட்டினாள். சரி, மூணில் இது ஒண்ணு என்று வைத்துக்கொள்.

அடுத்தது வரவில்லை. அந்தம்மா ஏதோ குமிழைத் திருகிக்கொண்டு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும் போல, ஒரு சத்தம் போட்டுவிட்டு அடுத்த சத்தம் போட இத்தனை நேரம். இந்த மாதிரி அமைதி எங்கள் ஊரில் கிடையாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு நாலு தறி, பகலெல்லாம் தடக்கு தடக்கு என்று தரை ஆடும், நான் அதைக் காதில் கேட்டதைவிடக் காலில் கேட்டதுதான் அதிகம். தறிக்காரர்கள் எல்லோருக்கும் காது போயிருக்கும், எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகத் துப்புவார்கள். அப்பாவும் அப்படித்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்திக்குக் காது கேட்கவில்லை என்பதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அம்மா கண்டுபிடித்தாள். நான் மூணாவது படிக்கும்போது கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தவள் என்ன செய்தாள்? காது டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போய்ப் பவர் இல்லாத மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம், "என்ற பொண்ணுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங் டீச்சர், முன்னாடி பெஞ்சுல உக்கார வெச்சுருங்க" என்றாள். கண்ணு குறை என்றால் கண்ணாடியோடு போச்சு, கல்யாணத்துக்குத் தடை இல்லை. காது குறை என்றால் யார் கட்டுவார்கள்? அன்றைக்கு எனக்கு அவள் மேல் அவ்வளவு பெருமை. எங்கம்மா எத்தனை கெட்டிக்காரி! ஒன்பது வருஷம் அந்த வெறும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர்களின் வாயைப் பார்த்தேன். மூக்கில் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது. அது மட்டும்தான் அந்தக் கண்ணாடியால் வந்த பவர். ஒரு சத்தம். இருக்குமா? இருந்த மாதிரி இருந்தது. கொசு காதுக்குப் பக்கத்தில் வராமல் பக்கத்து ரூமில் பறந்த மாதிரி. அழுத்தவில்லை. அம்மா சொன்னதற்காக அழுத்தவில்லையா, கேட்காததால் அழுத்தவில்லையா? எனக்கே தெரியவில்லை என்றால் அது பொய்யில் சேருமா?

சேரும், கொஞ்சம் சேரும் என்பார் கதிரவன் சார். ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கென்று பாலிடெக்னிக்கில் மே மாதம் முழுக்க இலவச வகுப்பு போட்டார்கள், கன்ட்ரோல் சிஸ்டம் முதல் பாடம், வந்தால் டீயும் வடையும் உண்டு. கதிரவன் சாருக்கு மீசை மேலுதட்டை மூடி இருக்கும். மீசைக்கார வாத்தியார்கள் எனக்கு எதிரிகள். அதிலும் இவர் பாதி நேரம் போர்டைப் பார்த்துக்கொண்டு போர்டிடமே பேசுவார். முதல் நாள் அவர் திரும்பி நின்று ஏதோ சொன்னார், எனக்குக் காதில் விழுந்தது: இன்னைக்கு நாம பார்க்கப் போறது பசி லாஜிக். பசி. எனக்கு ஒன்றும் விநோதமாகத் தெரியவில்லை, ஜன்னல் என்றும் மரம் என்றும் எலி என்றும் கம்ப்யூட்டரில் ஆயிரம் பேர் வைத்திருக்கிறார்கள், பசி என்று வைத்தால் என்ன? அப்புறம் அவர் போர்டில் எழுதினதைப் படித்துக்கொண்டே போனேன்: சூடு, குளிர், உயரம், குட்டை இதற்கெல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று எல்லை கிடையாது, ஒரு ஆள் கொஞ்சம் உயரமாகவும் கொஞ்சம் குட்டையாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், பழைய லாஜிக்கில் ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம், இந்த லாஜிக்கில் நடுவில் எத்தனை வேண்டுமானாலும் வரும், அரை வரும், கால் வரும். திரும்பி எங்களைப் பார்த்து எக்ஸாம்பிள் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "சார், சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனா பசி பூஜ்யம் சார். நாலு மணி நேரம் ஆனா பாதிப் பசி. அப்ப முறுக்கு குடுத்தா போதும். காலையிலருந்து சாப்பிடலைன்னா முழுப் பசி, ஒண்ணு. ஆனா முழுப் பசிலயும் பழைய சோறுன்னா கொஞ்சம் பசி கம்மியாயிரும் சார்." வகுப்பே சிரித்தது, சார் கைதட்டினார், பிரமாதமான எக்ஸாம்பிள் என்று மூணு கோடு போட்டு வரைந்தார், மேலே தலைப்பு எழுதினார், அப்போதுதான் பார்த்தேன், ஃபஸ்ஸி. F, U, இரண்டு Z. பசி இல்லை. தப்பான பேருக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் வாங்கின கைதட்டல் எல்லாமே இந்த ரகம்தான். கேட்காத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் ஒரு பதில், விழுந்தால் கெட்டிக்காரி, விழாவிட்டால் லூசு.

பசிக்கிறது. அதுவும் அம்மா வேலைதான். ஆஸ்பத்திரி டெஸ்ட் என்றாலே வெறும் வயிற்றோடு போகணும் என்று அவளுக்கு ஒரு முடிவு. காதுக்கும் வயிற்றுக்கும் என்னம்மா சம்பந்தம் என்றேன். "எல்லாம் ஒரே ஒடம்புதானே" என்றாள். இதோ ஒரு சத்தம், அடியிலிருந்து, கரகரவென்று, தெளிவாக. அழுத்தினேன். அழுத்தின பிறகுதான் தெரிந்தது அது என் வயிறு. என் வயிறு உறுமினது எனக்கு உள்பக்கமாகவே கேட்டிருக்கிறது. அந்தம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, சிரித்ததா என்று தெரியவில்லை, மாஸ்க். மாஸ்க் வந்த வருஷம் நான் முழுச் செவிடு. ஊரே வாயை மூடிக்கொண்டது, யார் எது பேசினாலும் துணி அசைவதைத்தான் பார்த்தேன். எல்லோரும் நோய்க்குப் பயந்தார்கள், நான் மாஸ்க்குக்குப் பயந்தேன். அதே மாதிரி கரண்ட் போனால் எனக்குக் காதும் போய்விடும். இருட்டில் அம்மா ஏதாவது கேட்டால் எல்லாவற்றுக்கும் உம் என்பேன். ஒரு தடவை உம் என்று சொல்லி, லைட் வந்த பிறகுதான் தெரிந்தது, ஜெகதீஷுக்கு உன்னைக் கேட்கிறார்கள், சரி என்று சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நான் உம் என்றிருக்கிறேன். இல்லைம்மா எனக்குக் கேட்கலை என்றேன். "கேக்காமத்தான் உம்முன்னியா?" என்று முறைத்தாள். ஹாஸ்டலில் கரண்ட் போனால் என்ன செய்வேன்? ஆறு பேர் ரூமில் இருட்டில் ஆறு பேரும் என்னைப் பற்றியே பேசினாலும் எனக்குத் தெரியாது. நல்லது. தெரியாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெரியாமல் இருப்பது தெரிந்துவிடும், அதுதான் கஷ்டம். இன்னும் அடுத்த சத்தம் வரவில்லையே, இந்தம்மா தூங்கிவிட்டதா?

திவாகர் என்று ஒருத்தன் அந்த வகுப்பில். பல்லில் கம்பி போட்டிருப்பான், நன்றாக வாய் திறந்து பேசுவான், அவன் பேசுவது எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரியும், அதனால் அவனை எனக்குப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்துப் பேசினால்தானே புரியும்? அன்றைக்கு எனக்குப் பின்னாலிருந்து பேசினான். திடீரென்று எல்லோரும் சிரிக்கிறார்கள், சார் மீசைக்குள் சிரிக்கிறார், நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது சிரித்துவிடணும், இது என் முதல் விதி. சார் போர்டுப் பக்கம் திரும்பி மூணு முக்கோணம் வரைந்தார், ஒன்றின் கால் இன்னொன்றுக்குள் நுழைகிற மாதிரி. முதல் முக்கோணத்துக்கு மேல் 'நல்ல காது' என்று எழுதினார். இரண்டாவதுக்கு 'மந்தம்'. மூணாவதுக்கு 'செவிடு'. இரண்டாவதும் மூணாவதும் வெட்டிக்கொள்கிற இடத்துக்குக் கிட்டே ஒரு புள்ளி வைத்து 'மோகனா' என்று எழுதினார். என் பேரைப் போர்டில் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. திவாகர் கேட்டதைப் பக்கத்திலிருந்தவள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: "சார், மோகனா எத்தனை செவிடு சார், அரையா முக்காலா?" சிரித்த வாயை மூட எனக்கு நேரமாகிவிட்டது. சாருக்கு என்னைக் கேலி பண்ணும் எண்ணம் இல்லை, அதுதான் கொடுமை. வகுப்புக்குச் சுலபமாகப் புரியும் என்று நினைத்திருக்கிறார். பாருங்க, அரைச்செவிடுன்னு நம்ம தமிழ்லயே சொல்லு இருக்கு, டமாரச் செவிடுன்னு இருக்கு, காது மந்தம்னு இருக்கு, ஃபஸ்ஸி செட் நம்ம ஊர்ல எப்பவோ கண்டுபிடிச்சாச்சு என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். என் பேரையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். மந்தத்தில் பூஜ்யம் புள்ளி ஏழு, செவிட்டில் பூஜ்யம் புள்ளி மூணு. நானும் எழுதினேன். பாத்ரூமில் போய் அழவில்லை. சொல்லவே அசிங்கமாக இருக்கிறது, அந்தப் படம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஆள் இரண்டு முக்கோணத்துக்குள்ளும் இருக்கலாம். இதிலா அதிலா என்று யாரும் கழுத்தைப் பிடிப்பதில்லை. பாதி இங்கே பாதி அங்கே என்று கணக்கில் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறான் எவனோ ஒருத்தன். திவாகரைச் செருப்பால் அடிக்கணும் போலவும் இருந்தது, பாடம் புரியவும் செய்தது. இரண்டும் பூஜ்யம் புள்ளி ஐந்து.

சத்தம். கேட்டது. இது உண்மையாகவே கேட்டது, ஆனால் மெதுவாக. விட்டுவிட்டேன். அம்மா ஸ்டூலிலிருந்து கையை மடியில் மூடி மூடிக் காட்டுகிறாள், அழுத்தாதே அழுத்தாதே என்று அர்த்தம். கோழிக்குஞ்சை அமுக்கிப் பிடித்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஐயோ, மேடம் திரும்பிப் பார்த்துவிட்டது. மாஸ்க் ஆடுகிறது. அம்மா எழுந்து நின்று கும்பிடுகிறாள். அந்தம்மா வாசல் பக்கம் கை காட்டுகிறது. அம்மா போகிறாள், போகும்போதும் திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஒரு தடவை மூடிக் காட்டிவிட்டுத்தான் போகிறாள். பிள்ளையை எக்ஸாம் ஹாலில் விட்டுவிட்டுப் போகிறவள் மாதிரி. மற்ற அம்மாக்கள் நல்லா எழுது என்பார்கள். இப்போது ஸ்டூல் காலி. மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்ட நாளிலிருந்து இவள் எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருக்கிறாள், கேட்கிற மாதிரி நடி. கூப்பிட்டால் உடனே திரும்பு. புரியாவிட்டால் சிரி. மறுபடி சொல்லுங்க என்று இரண்டு தடவைக்கு மேல் கேட்காதே. குக்கரில் மூணு விசில் வந்ததும் அணை என்று சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போவாள், நான் அடுப்புக்கு நேரே நின்று வெயிட் தூக்குகிறதா என்று கண்ணால் எண்ணுவேன். ஒரு நாள் கண்ணைத் திருப்பிவிட்டேன், பருப்பு கருகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் தெரிந்தது. ஏம் புள்ள, காதுல என்ன பஞ்சா என்றாள். போன் பார்த்துட்டு இருந்தேன் என்றேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கினேன். திமிர் பிடித்தவளைக் கட்டிக்கொள்ள ஆள் இருக்கிறது. இப்போது சீட்டு கிடைக்கும் என்றதும் அதே அம்மா தலைகீழாகத் திருப்பிவிட்டாள், கேட்காத மாதிரி நடி. நடிப்பு நின்றபாடில்லை, டயலாக்தான் மாறியிருக்கிறது.

விதிகள் எழுதணும் என்றார் சார். மெஷினுக்கு அறிவு கிடையாது, விதிதான் உண்டு. ரூம் கொஞ்சம் சூடு என்றால் ஃபேனைக் கொஞ்சம் கூட்டு. சூடு அதிகம், புழுக்கமும் அதிகம் என்றால் நன்றாகக் கூட்டு. ஒரே நேரத்தில் எல்லா விதியும் வேலை செய்யும், இது இத்தனை பங்கு அது இத்தனை பங்கு என்று, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரு கோணல்மாணலான மலை மாதிரி படம் வரும். வேட்டி மடித்து வருகிற அட்டையை அந்த மலை மாதிரியே வெட்டி எடுத்து வந்து ஒற்றை விரல் நுனியில் நிறுத்திக் காட்டினார். எந்த இடத்தில் விரல் வைத்தால் விழாமல் நிற்கிறதோ அந்த இடம்தான் விடை. ஏன் சார் கடைசியில் ஒரே எண்ணாக்கணும், இத்தனை நேரம் கொஞ்சம் கொஞ்சம் என்று சொல்லிவிட்டு, என்று நான் கேட்டேன். அவர் அதிசயமாக என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "மோட்டாருக்குக் கொஞ்சம்ங்கிற வார்த்தை தெரியாதும்மா. அதுக்கு ஒரு நம்பர் குடுத்தாத்தான் சுத்தும்." அரசாங்கமும் மோட்டார்தான். நான் எத்தனை இடத்தில் சிரித்தேன், எத்தனை உம் போட்டேன், எத்தனை பேர் வாயைப் பார்த்துக் கண் வலித்தது, இதெல்லாம் அதற்கு வேண்டாம், விரல் நுனியில் நிறுத்தி ஒரு நம்பர் கொடு. என் விதிகள் இதோ. சத்தம் தெளிவு என்றால் அழுத்து. சத்தம் மங்கல் என்றால் அழுத்தாதே. மங்கல்தான், ஆனால் கேட்டது நிச்சயம் என்றால்? இங்கேதான் சிக்குகிறது, ஒவ்வொரு தடவையும் இங்கேதான். இதற்கு விதி எழுதுவது யார், அம்மாவா நானா? நான் அம்மா விதிப்படி இருந்து நாற்பத்திரண்டோ நாற்பத்தைந்தோ வந்தால், வாழ்க்கை முழுக்க அது என் நம்பர். அட்டையில் அடித்துக் கொடுப்பார்கள், போட்டோவோடு. என்னிடமே யாராவது உண்மையில் உனக்கு எத்தனை என்று கேட்டால் என்ன சொல்வேன்? யாருக்குமே தெரியாது. டெஸ்ட் எடுத்த ஒரே நாளில் பொய் சொல்லிவிட்டேன், அதனால் எனக்கே தெரியாது.

எனக்குத் தெரியணும். சீட்டை விடு, ஜெகதீஷை விடு. ஒரு தடவை, இந்த டப்பாவுக்குள், யாரும் பார்க்காத இந்தக் கொஞ்ச நேரம், நான் எத்தனை என்று எனக்குத் தெரியணும். ஜெகதீஷை விடு என்று சொல்லிவிட்டேன், சொல்வது சுலபம். தறிப்பட்டறையில் அவன் பின்னாலிருந்து வந்து நூல் சுற்றுகிற பாபினை என் முதுகில் எறிந்து, திரும்பினால் பல்லைக் காட்டுவான். கேக்குதான்னு பார்த்தேன் என்பான். பாபின் மரம், முனையில் இரும்பு. தினமும் எறிவான், கல்யாணத்துக்கு அப்புறமும் எறிவான், பிள்ளை பிறந்தால் பிள்ளைக்கும் எறியக் கற்றுக்கொடுப்பான். முப்பத்தெட்டு வந்தால் அதுதான் நடக்கும். ஆனாலும் அழுத்தப் போகிறேன். எதற்கு என்று கேட்காதே. எனக்கு நடித்து நடித்துச் சலித்துவிட்டது. சத்தம். அழுத்தினேன். இன்னொன்று, கொசு ரகம். அழுத்தினேன். இந்தக் காது முடிந்து அந்தக் காது போல, இடது பக்கம் ஒன்று வருகிறது, தடியான சத்தம், எருமை தூரத்தில் கத்தின மாதிரி, அழுத்தினேன். கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்து, அரைவாசி இருந்தாலும் அழுத்து. மறுபடி வலது பக்கமே வருகிறது, விரல் வலிக்க அழுத்துகிறேன். எல்லாமே கேட்கிறதே! எனக்கா செவிடு? ஒன்றுகூட விடவில்லை. பார் அம்மா, உன் பொண்ணுக்கு எவ்வளவு நல்ல காது, போச்சு உன் சீட்டு, போச்சு உன் நாற்பது. அழுகையும் வருகிறது, வீராப்பும் வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தம்மா ஒவ்வொரு அழுத்தலுக்கும் குனிந்து ஏதோ குறிக்கிறது. அப்புறம் மறுபடி நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொள்கிறது. இதுதான் எனக்கு எரிச்சல், போட்டால் வரிசையாகப் போட வேண்டியதுதானே, நடுவில் நடுவில் இத்தனை இடைவெளி விட்டால் மனசு எங்கெங்கேயோ போகாதா? கதவு திறந்தது. ஹெட்போனைக் கழற்றிக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னக் கட்டையை வைத்து, இறுக்கமாக ஒரு கம்பியை மாட்டி, மறுபடி சாத்தியது. எலும்பு வழியாகவும் பார்ப்பார்களாம். பார்க்கட்டும். எலும்பு பொய் சொல்லாது. அழுத்தினேன். சும்மா இருந்தேன். அழுத்தினேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். கம்பி மண்டையை நெரிக்கிறது. முடிந்ததா? முடிந்துவிட்டது, எழுந்து வருகிறது.

வெளியே ஃபேன் காற்று பட்டதும் குளிர்ந்தது. அம்மாவை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள், அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தம்மா மாஸ்க்கோடு ஏதோ சொன்னது. எனக்குப் புரியாது, அதனால் நான் அம்மா முகத்தைப் பார்த்தேன், எனக்கு எந்த ரிசல்ட்டும் அம்மா முகத்தில்தான் வரும். அம்மாவின் வாய் திறந்தது. "அறுவத்தொண்ணுங்களா?" மறுபடி கேட்டாள். "அறுவத்தொண்ணா? நாப்பது தாண்டிருச்சுங்களா மேடம்? கேன்சல் கீன்சல் ஆயிராதுங்களே?" இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி, தறி ஓடுகிற வீட்டில் பேசுகிற குரலில், அது எனக்கே கேட்டது, "அண்ணா! நம்ம மோகனா அறுவத்தொண்ணு வாங்கிட்டாண்ணா! அறுவத்தொண்ணு!" என்றாள். பெஞ்சில் கால் சூம்பின ஒரு பையனோடு உட்கார்ந்திருந்த ஒருவர் பொறாமையாக அவளைப் பார்த்து, "எங்களுக்கு முப்பத்தெட்டுதான் குடுத்தாங்க" என்றார். அம்மா அவரிடம், "மறுக்கா போட்டுப் பாருங்க, கெடைக்கும்" என்றாள். நான் நகரவில்லை. "மேடம், நான் எல்லாத்துக்கும் அழுத்தினேனே" என்றேன். அந்தம்மா மாஸ்க்கை இறக்கியது. காலையில் உதட்டை மட்டும்தான் பார்த்தேன், இப்போதுதான் முகத்தைப் பார்த்தேன், களைத்த முகம். "கேட்டதுக்கு எல்லாம் அழுத்துன. மொதல்ல கொஞ்சம் வெளையாட்டுக் காமிச்ச, அப்பறம் ஒழுங்காப் பண்ணுன. மொதல்ல எடுத்த காதை மறுபடியும் எடுத்துட்டேன்." நடுவில் நடுவில் ரொம்ப நேரம் நிறுத்திவிட்டீர்களே, அந்த நேரத்தை எல்லாம் எதில் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். "எங்க நிறுத்துனேன்?" ஒரு தாளைத் திருப்பிக் காட்டியது, கட்டம் போட்ட தாள், வட்டமும் பெருக்கல் குறியும் படிக்கட்டு மாதிரி கீழே கீழே இறங்கியிருந்தன. "நான் ஒரு நிமிஷம்கூட நிறுத்தலம்மா. சத்தம் போய்க்கிட்டேதான் இருந்துச்சு. சின்னதா ஆரம்பிச்சு ஏத்திக்கிட்டே வந்தேன், நீ இங்க வந்துதான் அழுத்துன." கீழே ஒரு வட்டத்தில் பேனாவை வைத்தது. போய்க்கிட்டேதான் இருந்துச்சு. நான் தறியை நினைத்தபோதும், சார் மீசையை நினைத்தபோதும், குக்கர் வெயிட் தூக்கினபோதும், முக்கோணத்துக்குள் இடம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டபோதும். "இத்தனை நாளா எப்படி ஸ்கூல் போன நீ?" என்று கேட்டுவிட்டு, வாசலில் வந்து நின்ற அம்மாவிடம் திரும்பி, "மூணு நாலு வயசுல கூட்டிட்டு வந்து காது மெஷின் வெச்சிருந்தா பேச்செல்லாம் இன்னும் நல்லாப் புரிஞ்சிருக்கும்மா இவளுக்கு. இப்ப வெச்சாலும் ஓரளவுக்குத்தான்" என்றது. அம்மா தன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி ரொம்ப நேரம் மாட்டினாள்.

படி இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், சின்னப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. பாதிப் படியில் நின்றாள். என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். போனில் கத்தின சந்தோஷம் முகத்தில் இல்லை. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், ஒரு வீல்சேரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் போகிறார்கள். "நான் சொன்னபடி நடிச்சதுதானே, அம்மிணி?" சத்தமாகக் கேட்டாளா, உதட்டை மட்டும் அசைத்தாளா, தெரியவில்லை. "நடிச்சதுதானே?" கீழுதடு ஆடியது. நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை, எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது, இல்லம்மா, கேட்டதுக்கெல்லாம் அழுத்தினேன், அதுக்கே அறுபத்தொண்ணு, நீ மூக்குக்கண்ணாடி வாங்கின அன்னைக்குக் காது மெஷின் வாங்கியிருந்தா என்று. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது பேசும்போது நான் பார்ப்பேனே, அந்த மாதிரி, ஒரு எழுத்துகூட விட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி.

"ஆமாம்மா" என்றேன். "பாதிக்கு மேல அழுத்தவே இல்ல."

"கள்ளி" என்று என் கன்னத்தில் தட்டினாள். சந்தோஷத்தில் பலமாகவே தட்டினாள், எரிந்தது.